அலுமினியப் படகின் முதல் கோடை

பழைய படகு வாங்குகிறவனுக்கு அதன் குறைகள் சீக்கிரம் தெரிந்துவிடும். விற்றவன் மறைத்தாலும் ஒட்டுப்போட்ட இடங்கள் காட்டிக்கொடுக்கும். புதுப் படகு வாங்குகிறவன்தான் ஏமாறுகிறான். கடையில் பளபளவென்று நிற்கிறது, உத்தரவாதத் தாள் கையில் இருக்கிறது, இனி என்ன தொல்லை என்று நேரே ஏரியில் இறக்கிவிடுகிறான். அடுத்த கிழமை எனக்குத் தொலைபேசி வரும்: “அண்ணை, புது போட் எண்டு சொல்லித்தானே தந்தவங்கள், உள்ளுக்குத் தண்ணி வருதே!”

ஒன்ராறியோவில் தமிழர் வீடுகளின் முன்னால் ரெயிலரில் ஏற்றிய அலுமினியப் படகைக் காண்பது இன்று புதினம் இல்லை. பதினாறு, பதினேழு அடி நீளம், பின்னால் நாற்பதோ அறுபதோ குதிரைவலு எஞ்சின், மே மாதத்தில் ரைஸ் ஏரிக்கோ சிம்கோ ஏரிக்கோ பயணம். இயந்திரப் பட்டறையில் உலோகத்தோடு காலம் கழித்தவன் என்பதால் இந்தப் படகுகளைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். நானும் எல்லோருக்கும் முதலில் ஒன்றையே சொல்லுவேன்: தகட்டை விடுங்கள், பொருத்துகளைப் பாருங்கள்.

காரணம் எளிது. படகின் உடலை ஒரு தொழிற்சாலை செய்கிறது. எஞ்சின் வேறொரு நாட்டிலிருந்து பெட்டியில் வருகிறது. ரெயிலர் இன்னொருவருடையது, மீன் காட்டும் சோனார், முன்னால் பூட்டும் மின்மோட்டார், பற்றரி ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. இவ்வளவையும் ஒன்றாக்குகிறவர் விற்பனைக் கடையின் மெக்கானிக். அதுவும் ஏப்ரல் மாதத்தில், வாசலில் இருபது பேர் காத்து நிற்கும்போது. தொழிற்சாலையில் செய்தவற்றைச் சோதிக்க அங்கே ஆள் உண்டு. கடையில் பூட்டியதைச் சோதிக்கிறவர் நீங்கள்தான், அதுவும் ஏரி நடுவில்.

அலுமினியம் இந்தப் படகுகளுக்கு வந்த கதை இரண்டாம் உலகப் போரோடு தொடங்குகிறது. 1944இல் அமெரிக்காவின் அடிரொண்டாக் மலைப்பகுதியில் மரமும் கன்வஸும் சேர்ந்த பாரமான கனூவைத் தோளில் சுமந்து நடந்த வில்லியம் ஹொஃப்மன், போர்விமானம் செய்த கிரம்மன் நிறுவனத்தின் துணைத் தலைவர். விமானத் தகட்டில் கனூ செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே கிரம்மன் கனூக்கள் விற்பனைக்கு வந்தன. விமான உடலைப் போலவே தகடுகளை ரிவெட் ஆணிகளால் தைத்த கனூ அது. போர் முடிந்தபின் விமானத் தகட்டுக்கு வேலை குறைந்தது; ஏரிகள் நிறைந்த மினசோட்டாவில் 1948இல் ஹொவர்ட் லண்ட் தொடங்கிய படகுத் தொழில் இன்றும் நடக்கிறது. இன்று ஒன்ராறியோ ஏரிகளில் ஓடும் மீன்பிடிப் படகுகளில் பெரும்பகுதி அந்தப் பரம்பரைதான்.

தகடு பெரும்பாலும் 5052 எனப்படும் கலவை. அலுமினியத்தோடு சுமார் 2.5 விழுக்காடு மக்னீசியம் சேர்ந்தது. அடித்தகடு நல்ல படகுகளில் 0.1 அங்குலம், அதாவது இரண்டரை மில்லிமீட்டர். இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடை. காற்றுப் பட்டதும் மேலே மிக மெல்லிய ஒக்சைடுப் படலம் உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கும். அதனால்தான் வெறும் தகடு பெயின்ற் இல்லாமலே நன்னீரில் பல பத்தாண்டுகள் கிடக்கிறது. கல்லில் மோதினால் நெளியும், எளிதில் உடையாது. யாழ்ப்பாணக் கரையில் மரவள்ளங்களின் இடத்தைப் பிடித்தது பைபர் கண்ணாடிப் படகு. உப்புநீருக்கும் அலைக்கும் அது சரி. கற்பாறை நிறைந்த கனடிய நன்னீர் ஏரிக்கு இதுதான் சரி.

ரிவெட்டா, வெல்டிங்கா என்று கடையில் கேட்பார்கள், அல்லது நீங்கள் கேட்பீர்கள். வெல்டிங் செய்த படகு கசியாது என்று விற்பனையாளர் சொல்லுவார். சரியாக வெல்ட் செய்தால் கசியாது, உண்மைதான். ஆனால் வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் தகடு தன் பலத்தில் ஒரு பகுதியை இழக்கிறது; பல ஆண்டுகள் அலையில் அடிபட்டபின் விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் விழும். அதைத் திருத்த அலுமினிய வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். ஒக்சைடுப் படலம் உருக 2000 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும்; கீழே உள்ள உலோகமோ 660இலேயே உருகிவிடும். இந்த முரண்பாடு தெரியாதவன் கையில் டோர்ச்சைக் கொடுத்தால் துளைதான் மிஞ்சும். ரிவெட் தளர்ந்தால் ஒருவர் வெளியே சுத்தியலோடும் மற்றவர் உள்ளே கனமான இரும்புக் கட்டியோடும் இருந்து மறுபடி இறுக்கிவிடலாம். நானும் மருமகனும் வீட்டு வாசலில் செய்யும் வேலை அது. பதினாறு அடிப் படகுக்கு என் வாக்கு ரிவெட்டுக்கே.

இனி தண்ணீர் விஷயம். படகுக்குள் தண்ணீர் கண்டவுடன் எல்லோரும் ரிவெட்டைத்தான் சந்தேகிப்பார்கள். புதுப் படகில் அது கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும். முதலில் பின்பலகையின் அடியில் இருக்கும் வடிகால் பிளக். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, படகை வீதியில் இழுத்துச் செல்லுமுன் இந்தப் பிளக்கைக் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஏரிக்கு ஏரி வேண்டாத உயிர்களும் களைகளும் பரவாமல் தடுக்க. 1988இல் சென் கிளேயர் ஏரியில் கண்ட வரிச்சிப்பி பேரேரிகள் முழுவதும் பரவிய கதை எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பரவும் உயிர்களுக்கு ஒரு ஏரியிலிருந்து அடுத்ததற்கு இலவச வாகனம் நம் படகுகள். நல்ல சட்டம்தான். ஆனால் கழற்றிய பிளக்கைத் திரும்பப் பூட்ட வேண்டுமே! நான் அதை ரெயிலரின் வின்ச் கைப்பிடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவேன். கைப்பிடியைத் தொடாமல் படகை இறக்க முடியாது. கைப்பிடியைத் தொட்டால் பிளக் கண்ணில் படும்.

பிளக் சரியாக இருந்தும் தண்ணீர் என்றால் அடுத்தது மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்குப் போகும் குழாய்கள். அவற்றை இறுக்கும் வளையங்களைக் கடையில் விரலால் திருகிவிட்டு, பிறகு ஸ்க்ரூ டிரைவரால் இறுக்க மறந்திருப்பார்கள். நான் பார்த்த புதுப் படகுக் கசிவுகளில் பெரும்பாலானவை இந்த வளையங்களில்தான். அதற்கும் அடுத்தது சோனாரின் உணரியைப் பின்பலகையில் பூட்டிய ஸ்க்ரூத் துளைகள். கடல் சீலன்ற் இல்லாமல் வெறுமனே முடுக்கிய ஸ்க்ரூக்களை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். ஸ்க்ரூ வழியே ஊறும் நீர் படகுக்குள் வராமல் பலகைக்குள் போய் அதை அழுக வைக்கும். இது மேலே கண்ணுக்குத் தெரியாத கசிவு என்பதால்தான் எல்லாவற்றிலும் மோசமானது. துளையிடாமல் ஒரு பிளாஸ்ரிக் பலகையை ஒட்டி அதன்மேல் உணரியைப் பூட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த முறை பழைய பத்திரிகைத் தாள். உள்ளே நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் பக்கத்திலும் குழாய்ப் பொருத்தின் கீழும் ஒரு துண்டு காகிதம் வையுங்கள். படகை நீரில் இறக்கிக் கட்டிவிட்டுக் காத்திருங்கள். முதலில் நனைகிற காகிதம் இடத்தைச் சொல்லும். இதிலும் தெரியாவிட்டால் ரெயிலரில் இருக்கும்போதே படகுக்குள் தண்ணீர் விட்டு வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்க்கலாம். சொட்டும் ரிவெட்டைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் வட்டம் போடலாம். ஆனால் அளவோடு விடுங்கள். நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குப் பத்து சென்ரிமீட்டர் உயரம் நிரப்பினாலே 400 கிலோ. ரெயிலரின் ஸ்பிரிங் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அலுமினியத்தின் உண்மையான பகைவன் கல்லோ அலையோ அல்ல, செம்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். செம்போடு சேர்ந்தால் அதில் கரைகிறது அலுமினியம்தான். படகின் தரைக்குக் கீழுள்ள பள்ளத்தில் ஒரு சதக் காசு விழுந்து கிடந்தால் போதும். 1996 வரை வார்த்த கனடியச் சதத்தில் 98 விழுக்காடு செம்பு. 2013 பெப்ரவரியோடு சதம் விநியோகத்திலிருந்து போய்விட்டது; ஆனால் பழைய காற்சட்டைப் பைகளிலும் தூண்டில் பெட்டிகளிலும் இன்னும் இருக்கிறது. ஈயக் குண்டுகளும் அப்படித்தான். விழுந்ததைத் தேடி எடுக்காமல் விட்டால் அதன் கீழே தகட்டில் குழி விழும். தரையை உயர்த்தவோ இருக்கை செய்யவோ கடையில் விற்கும் பச்சை நிறப் பதப்படுத்திய பலகையைப் போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பதப்படுத்தலிலும் செம்பு இருக்கிறது. ஈரமான கம்பளத்தின் கீழே அது தகட்டை ஆண்டுக்கணக்கில் தின்னும். சாதாரண ஒட்டுப்பலகைக்கு எப்பொக்சி பூசிப் போடுவதே மேல்.

ஸ்டெயின்லெஸ் ஆணிகளும் இந்தச் சண்டையில் சேர்த்திதான், ஆனால் அவை இல்லாமல் முடியாது. ஆணித் தலையைச் சுற்றிப் பெயின்ற் குமிழ்விட்டு, குத்தினால் வெள்ளைத் தூள் கொட்டினால் விஷயம் அங்கே தொடங்கிவிட்டது என்று பொருள். கழற்றி, சுத்தம் செய்து, உலோகங்களைப் பிரிக்கும் பசை பூசித் திரும்பப் பூட்ட வேண்டும். எஞ்சினுக்குப் பதிலாகத் தாமே கரைவதற்காக அதில் பூட்டியிருக்கும் பலியுலோகக் கட்டிகளையும் பாருங்கள். உப்புநீருக்குத் துத்தநாகம் சரி. நன்னீரில் அதன்மேல் ஒரு கடினப் படலம் படிந்து வேலை நின்றுவிடும். இங்கே மக்னீசியமோ அலுமினியமோ வேண்டும். அவற்றின்மேல் பெயின்ற் அடிக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு வருவோம். காரில் பழகிய மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஒரு வயரைக் கொண்டுபோய், திரும்பும் பாதையை உலோக உடலில் விட்டுவிடுவார். காரில் அது முறை. அலுமினியப் படகில் அது குற்றம். உடல் மின்பாதை ஆனால் நீரும் பாதையாகும். உலோகம் கரையும் வேகம் பல மடங்கு கூடும். படகில் ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் இரண்டு வயர் வேண்டும். இரண்டாவது வயர் பற்றரியின் எதிர்முனைக்கே போக வேண்டும். நண்பர் ஒருவரின் புத்தம்புதுப் படகில் பின் விளக்கின் கறுப்பு வயரை ஒரு ஸ்க்ரூவால் உடலில் முடுக்கியிருந்தார்கள். விற்ற கடையில் காட்டினபோது, “எரிகிறதுதானே?” என்றார்கள். எரிகிறதுதான்.

மின்கோளாறுகளில் பெரும்பாலானவை பற்றரியின் தலையிலேயே இருக்கும். இறக்கை வைத்த நட்டுகளால் விரலால் முடுக்கியிருப்பார்கள். அலை அடிக்க அடிக்க அவை தளரும். எஞ்சினை ஸ்ரார்ட் செய்யும்போது சோனார் திரை அணைந்து திரும்ப எரிந்தால் சோனாரைக் குறை சொல்லாதீர்கள். மல்ரிமீற்றரை எடுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, பற்றரி முனைகளில் அளவு பாருங்கள். பத்து வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம். பற்றரியில் நன்றாக இருந்து எஞ்சின் பக்கத்தில் விழுந்தால் இடையே ஒரு பொருத்து தளர்ந்திருக்கிறது. முன்னால் இருக்கும் 55 இறாத்தல் உந்துவிசை மின்மோட்டார் முழு வேகத்தில் 50 அம்பியர் அளவுக்கு இழுக்கும். பொருத்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும், 50 வாட் சூடு அங்கே எரியும். தொட்டுப் பார்த்தால் சுடும். அறுகோண நட்டாக மாற்றிச் சாவியால் முடுக்குங்கள். காசு மிகக் குறைவு, பலன் அதிகம். மின்மோட்டாரைப் போட்டவுடன் சோனார் திரையில் மழை பெய்கிறதா? இரண்டின் வயர்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பிரித்து எதிரெதிர்ப் பக்கமாக ஓடவிடுங்கள், முடிந்தால் சோனாருக்கு ஒரு சிறு தனிப் பற்றரி கொடுங்கள்.

எஞ்சின் என்றால் பயப்படுகிறவர்கள் அதிகம். இன்றைய நாலு ஸ்ரோக் எஞ்சின்கள் அவ்வளவு எளிதில் பழுதாவதில்லை. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கும். சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் முதலில் சிவப்பு நிறப் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடினால் எரிபொருள் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருக்கிறது. குழாய் நடுவே இருக்கும் ரப்பர் உருண்டையைத் தொட்டால் போதும். அது உள்ளே சப்பிப் போயிருந்தால் தாங்கிப் பக்கத்தில் அடைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்றிருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பெரும்பாலும் எஞ்சினில் சொருகும் இணைப்பின் சிறு ரப்பர் வளையம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் யமஹா எஞ்சினோடு வளர்ந்த பையன்களுக்கு இந்த உருண்டையின் பாஷை பாடம். பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் கைக்கு, அந்த உருண்டை இறுகும் பதம் தெரிந்தே ஆகவேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் யூடியூபில் தேடுகிறார்கள்.

பெற்றோலில் இங்கே 10 விழுக்காடு எதனோல் வழக்கம். எதனோல் ஈரத்தை இழுக்கும். நீர் கூடினால் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கும். நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் கடையில் கேட்டுப் பூட்டச் செய்யுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் எரிபொருள் நிலைப்படுத்தி சேருங்கள்.

புது எஞ்சினுக்கு முதல் பத்து மணி நேரம் முக்கியம். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. முழு வேகத்தை உடனே பிடிக்கக் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டரோடு படிந்து உட்காரும். 20 மணி நேரத்தில் முதல் எண்ணெய் மாற்றம் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்லும். நீரில் இல்லாதபோது தண்ணீர் இணைக்காமல் ஒரு கணம்கூட ஸ்ரார்ட் செய்யாதீர்கள்; நீர் இறைக்கும் பம்பின் ரப்பர் விசிறி உலர்ந்த நிலையில் நொடிகளில் கருகும். எஞ்சின் பின்னாலிருந்து மெல்லிய தாரையாக நீர் பீய்ச்ச வேண்டும். தாரை மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். எஞ்சின் செத்துவிட்டது என்று அலறவேண்டாம். பல நேரம் அந்தத் துவாரத்தில் மணலோ பூச்சிக் கூடோ அடைத்திருக்கும். புல்வெட்டும் நைலோன் நூலால் குத்தினால் போய்விடும்.

முழு வேகத்தில் எஞ்சின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். பல எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 5000 முதல் 6000. உங்கள் வழக்கமான ஆட்களோடும் பொருட்களோடும் ஓட்டிப் பார்த்து அந்த எல்லைக்கு வருகிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் புரொப்பெல்லரின் பிட்ச் கூடியது பூட்டியிருக்கிறார்கள். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். இதைச் செய்யாமல் விட்டால் எஞ்சின் ஆண்டு முழுவதும் பாரம் இழுத்துத் தேயும். திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று ஊளையிட்டு வேகம் விழுந்தால் எஞ்சின் பின்பலகையில் உயரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். அப்படியே எஞ்சினைப் பின்பலகையில் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளையும் சாவி போட்டுப் பாருங்கள். பலகை அழுந்தி உட்கார்ந்தபின் முதல் கோடையிலேயே அவை சற்றுத் தளரும்.

ரைஸ் ஏரியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கோபர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு 1854இல் ஓடத் தொடங்கிய ரயில், ஹாவுட்டிலிருந்து ஏரிக்குக் குறுக்கே நீண்ட பாலத்தில் போனது. குளிர்காலப் பனிக்கட்டி அந்தப் பாலத்தை நொறுக்கிவிட்டது. சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். அதன் கல்லணை இன்றும் நீருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. அதைச் சுற்றி மீன் நிறையத் தங்கும்; அதனால் படகுகளும் நிறையப் போகும், புரொப்பெல்லர்களும் நிறையப் போகும். அலுமினியப் புரொப்பெல்லர்தான் அங்கே நல்லது. கல்லில் பட்டால் அது வளையும். ஸ்டெயின்லெஸ் என்றால் அடி உள்ளே பல்சக்கரங்களுக்குப் போகும். மோதியபின் எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் சுழன்றுவிட்டது. மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம். உதிரிப் புரொப்பெல்லர், நட்டு, பின், சாவி நான்கும் படகில் இருக்கட்டும்.

ரெயிலரை எல்லோரும் மறப்பார்கள். 401 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடி வந்து சூடான சக்கர அச்சை உடனே குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி, ரப்பர் சீலைத் தாண்டி நீரை இழுக்கும். பேரிங் துருப்பிடித்து நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்ற கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. இறங்குதுறையில் நின்று, கையால் சக்கர நடுவைத் தொட்டு, ஆறவிட்டு இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பேரிங்கைத் திறந்து பாருங்கள். சக்கர நட்டுகளை முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி முடுக்க வேண்டும். படகைத் தாங்கும் கம்பளம் போர்த்திய நீளப் பலகைகள் பின்பலகை வரைக்கும் எட்டுகின்றனவா என்றும் பாருங்கள். எட்டாமல் ஓர் அடி முன்னாலேயே நின்றால் எஞ்சின் பாரத்தில் அடித்தகடு அந்த விளிம்பில் மடங்கும். பிறகு படகு எப்போதும் மூக்கைத் தாழ்த்தியே ஓடும். ரெயிலர் விளக்கு மினுங்கினால் திரும்பும் பாதையான வெள்ளை வயரைத்தான் பாருங்கள்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் உரிம எண் வேண்டும். அதை அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்ரிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஓட்டுநர் அட்டை 2009 செப்ரெம்பர் முதல் எல்லோருக்கும் கட்டாயம். பின்பலகைக்கு அருகே ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் ஆட்களின் எண்ணிக்கை, மொத்த எடை, எஞ்சின் வலு எல்லாம் இருக்கும். நம்மவர்கள் ஏறும்போது ஆட்களை எண்ணுவார்கள், சோற்றுச் சட்டியையும் ஐஸ் பெட்டியையும் எண்ணமாட்டார்கள். தகடு கிலோவிலும் பேசுகிறது. மே மாதத்து ஏரி நீரில் விழுந்தவனுக்கு நீச்சல் உதவுவதைவிட உடுத்திய உயிர்காப்பு அங்கி உதவும். இருக்கைக்குக் கீழே மடித்து வைத்தது உதவாது.

கடைசியாகக் குளிர்காலம். ஒக்ரோபரில் படகை நிறுத்தும்போது அணியம் உயர்ந்து, பிளக் கழன்று, பின்பக்கம் தாழ்ந்து நிற்கட்டும். பற்றரியை வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். லித்தியம் என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எஞ்சினின் கீழ்ப்பகுதியிலுள்ள கியர் எண்ணெயைப் பலர் வசந்தத்தில் மாற்றுவார்கள். அதை இலையுதிர் காலத்திலேயே மாற்றுங்கள். அடித் திருகைக் கழற்றியதும் வருகிற எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஏதோ ஒரு சீலின் வழியே நீர் உள்ளே போயிருக்கிறது. சீலை மாற்ற ஆகும் செலவு தாங்கக்கூடியது. ஜனவரியில் அந்த நீர் உறைந்து பெட்டி வெடித்தால் முழுக் கீழ்ப்பகுதியையும் மாற்ற வேண்டிவரும். உறைந்து வெடித்ததை உத்தரவாதத்தில் சேர்க்க மாட்டார்கள்.